டிசி வரைபடத்தில் ஏசி பிரேக்கர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடிப் பக்கத்து மின்பொறியியல் மாணவர்கள் இறுதியாண்டுத் திட்டத்துக்கு உயரழுத்த டிசி (ஒரே திசையில் ஓடும் மின்சாரம்) மின்தடத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வருவதுண்டு. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து நம் புகளூருக்கு வரும் 800 கிலோவோல்ட், 6,000 மெகாவாட் தடம்தான் பெரும்பாலும் முன்மாதிரி. அலகுப் பிழைகளை அவர்களே திருத்திக்கொள்வார்கள். கீழே இருப்பவை ஆண்டுதோறும் திரும்பி வருகிறவை.

எந்த பிரேக்கரும் போதும் என்ற நினைப்பு

வரைபடத்தை விரித்தால் தடத்தின் இரு முனையிலும் சாதாரண ஏசி பிரேக்கர், அதாவது திசை மாறி மாறி ஓடும் மின்சாரத்தைத் துண்டிக்கும் சாதனம், உட்கார்ந்திருக்கும். இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது.

50 ஹெர்ட்ஸ் ஏசியில் மின்னோட்டம் நொடிக்கு 100 முறை சுழியைத் தொடுகிறது. பிரேக்கரின் முனைகள் பிரியும்போது எழும் மின்வில் (இடைவெளியைத் தாண்டிப் பாயும் தீப்பொறி) அந்தக் கணத்தில் அணைந்துவிடும். மீண்டும் பற்றாமல் பார்த்துக்கொண்டால் போதும். டிசியில் அந்தச் சுழி வராது. வில் எரிந்துகொண்டே இருக்கும்.

“ஆம்பியர் சரியாகத்தானே இருக்கிறது, சார்?” என்பார்கள். கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டு மாடியில் சோலார் பொருத்தியவரும் இதைத்தான் சொன்னார். தொடராக இணைத்த பேனல்கள், சில நூறு வோல்ட் டிசி, பெட்டிக்குள் ஏசி எம்சிபி என்ற சிறு பிரேக்கர். நல்ல வெயிலில் யாரோ அதை இறக்கிவிட, உள்ளே வில் நின்று எரிந்து பெட்டி உருகிவிட்டது. அதை முகப்பின் பர்மா தேக்குத் தூணில் அல்லவா திருகியிருந்தார்கள்! கரிந்த தூணைச் சீராக்கிய தச்சருக்குக் கொடுத்த கூலியில் சரியான பிரேக்கர்கள் பல வாங்கியிருக்கலாம். டிசி எம்சிபி வாங்கினாலும் கூட்டல், கழித்தல் குறியைப் பாருங்கள். காந்தத்தால் வில்லைத் தள்ளும் வகை எம்சிபியில் முனைகளை மாற்றி இணைத்தால், வில் தவறான பக்கம் போகும்.

சில நூறு வோல்ட்டுக்கே இந்தப் பாடு. ராய்கர்–புகளூர் போன்ற தைரிஸ்டர் (குறைகடத்தி ஸ்விட்ச்) தடத்தில் கம்பியில் கோளாறு வந்தால், ஏசியை டிசியாகவும் டிசியை ஏசியாகவும் மாற்றும் மாற்றி நிலையமே அதைக் கவனிக்கிறது. தைரிஸ்டர்களின் தூண்டல் கோணத்தை (ஏசி அலையில் அவற்றை இயக்கும் கணத்தை) 90 பாகைக்கு மேல் தள்ளினால் மின்னழுத்தம் எதிர்மாறாகி, தடத்தில் மிஞ்சிய ஆற்றல் ஏசி பக்கம் திரும்பிப் போகும். மின்னோட்டம் சுழியான பின், காற்று மீண்டும் காப்பாகும்வரை பொறுத்து இயக்குவார்கள். டிசி பிரேக்கரின் தேவை பல முனைகள் பின்னிய வலையில்தான் கூடுகிறது. 2020இல் இயங்கத் தொடங்கிய சீனாவின் ஜாங்பெய் 500 கிலோவோல்ட் வலையில் அவை இருக்கின்றன.

தூரம் பார்க்காமல் டிசி

காரைக்குடியிலிருந்து சென்னைக்கு டிசி தடம் வரைந்து வந்தவர் உண்டு. ஏறத்தாழ 400 கிலோமீட்டர். மேல்நிலைக் கம்பிக்குப் பொதுவாக 600 முதல் 800 கிலோமீட்டரைத் தாண்டினால்தான் மாற்றி நிலையங்களின் செலவு கட்டும். கடலடி கேபிளுக்குக் கணக்கு வேறு.

‘ரியாக்டிவ் பவர் தேவையில்லை’

ரியாக்டிவ் பவர் என்பது பயனுள்ள வேலை செய்யாமல் ஏசியில் முன்னும் பின்னும் போய்வரும் திறன். டிசி கம்பிக்கு அது தேவையில்லை. தைரிஸ்டர் நிலையம், கடத்தும் திறனில் பாதியளவு கேட்கும்.

பூமியையே திரும்பு கம்பியாக்குவது

அவசரத்துக்கு மட்டும். நெடுநாள் ஓடினால் புதைத்த குழாய்கள் அரிக்கும். அரிப்பை ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் உள்ளூரிலேயே இருக்க, அறிக்கையில் இதற்கு ஒரு வரிகூட இருப்பதில்லை.