இப்ப என்ன கேக்குறீங்க? ஒரு கிளாசிக்கல் ரெக்கார்டிங்கை அடுத்தவங்களுக்கு சொல்றது எப்படி

"பீத்தோவன் அஞ்சாவது சிம்பொனி கேளுங்க, சூப்பரா இருக்கு"ன்னு ஒரு ஃப்ரெண்டுக்கு மெசேஜ் போட்டேன். அவரும் கேட்டுட்டு, "நல்லாதான் இருக்கு, ஆனா ரொம்ப நிதானமா போகுதே"ன்னார். எனக்கோ அது மூச்சு விட நேரம் குடுக்காம ஓடுற இசை. ஒரு வாரம் இதையே மாத்தி மாத்தி பேசினதுக்கு அப்புறம்தான் விஷயம் புரிஞ்சுது, நான் கேட்டது கார்லோஸ் க்ளைபர்ங்கற கண்டக்டர் (ஆர்கெஸ்ட்ராவை நடத்துறவர்) வியன்னா ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவோட 1974-ல ரெக்கார்ட் பண்ணது, அவர் கேட்டது ஆட்டோ க்ளெம்பரர்ங்கற இன்னொரு கண்டக்டர் நடத்தினது. ரெண்டு பேரும் கேட்டது ஒரே சிம்பொனிதான், ஆனா காதுல விழுந்தது வேற வேற.

அதனால வெஸ்டர்ன் கிளாசிக்கல் புதுசா கேக்க ஆரம்பிச்சிருக்குறவங்களுக்காக இதை எழுதுறேன். கேட்டதை நாலு வரியில சொன்னாலும், படிக்கிறவர் அதே ரெக்கார்டிங்கை தேடி எடுத்து, நீங்க சொன்ன அதே இடத்துல காதை வைக்கணும். அதுக்கு என்ன பண்ணணும்னு வரிசையா பாப்போம்.

ஸ்டெப் 1: ஆப் செட்டிங்ஸை சரி பண்ணுங்க

இதை யாரும் சொல்லித் தர்றதில்ல, ஆனா இதுலதான் நிறைய போயிடுது. முதல்ல ஷஃபிளை நிறுத்துங்க, அப்புறம் ஒரு பாட்டு முடியும்போதே அடுத்தது மேல ஏறி வர்ற கிராஸ்ஃபேட்னு ஒரு வசதி இருக்கும், அதையும் நிறுத்துங்க. வால்யூமை எல்லாத்துக்கும் ஒரே அளவாக்குற செட்டிங் இருந்தா அதையும் ஆஃப் பண்ணிடுங்க, ஏன்னா சில ஆப்ல அது ஒவ்வொரு டிராக்கையும் தனித்தனியா ஏத்தி இறக்கும், மெதுவான பகுதிக்கும் சத்தமான பகுதிக்கும் இருக்க வேண்டிய வித்தியாசம் குறைஞ்சுடும்.

ஏன் இவ்வளவு சொல்றேன்னா, அதே அஞ்சாவது சிம்பொனியில மூணாவது பகுதிக்கும் நாலாவது பகுதிக்கும் நடுவுல இடைவெளியே கிடையாது. மூணாவது பகுதி கடைசியில எல்லாம் அடங்கிப்போய், வயலின் குடும்பம் ஒரு சுரத்தை அப்படியே பிடிச்சுக்கிட்டு நிக்க, அடியில டிம்பனிங்கற பெரிய முரசு மட்டும் மெல்ல தட்டிக்கிட்டே இருக்கும், நமக்கு என்ன வரப்போகுதுன்னே தெரியாது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா ஏறி, திடீர்னு சி மேஜர்ங்கற பளிச்சுன்னு இருக்குற ஸ்கேல்ல மொத்த ஆர்கெஸ்ட்ராவும் திறந்துக்கும். அதுவரைக்கும் சும்மா உக்காந்திருந்த டிராம்போன், பிக்கோலோ, கான்ட்ராபஸூன்ங்கற மூணு ஊதுற வாத்தியமும் இந்த சிம்பொனியில முதல் தடவையா வாசிக்கிறதே அங்கதான். ஆப்ல இது ரெண்டு டிராக்கா இருக்கும். நடுவுல ஒரு செகண்ட் வெட்டு விழுந்தாலும் போச்சு.

ஸ்டெப் 2: கேக்குறதுக்கு முன்னாடியே விவரத்தை எழுதிக்கோங்க

என்னென்ன வேணும்? இயற்றினவர், படைப்போட பேர், அதோட எண், வாசிச்சவர் (ஆர்கெஸ்ட்ராவா இருந்தா நடத்தினவரும் சேத்து), ரெக்கார்ட் பண்ண வருஷம், வெளியிட்ட கம்பெனி. அவ்வளவுதான்.

எண்ணுங்கறது முக்கியம். பீத்தோவனுக்கு ஓபஸ் எண் (படைப்புகளுக்கு வரிசையா குடுத்த எண்) போதும், அஞ்சாவது சிம்பொனி ஓபஸ் 67. மோட்சார்ட்டுக்கு கே எண், 40-ஆவது சிம்பொனின்னா கே. 550, அந்த பட்டியலை கோஹல்னு ஒருத்தர் 1862-ல வெளியிட்டார், அவர் பேரோட முதல் எழுத்துதான் அந்த கே. பாக் (Bach) படைப்புகளுக்கு பி.டபிள்யூ.வி. எண், அதுவும் இதே மாதிரி ஒரு பட்டியல்தான். "மோட்சார்ட் ஜி மைனர் சிம்பொனி"ன்னு ஸ்கேல் பேரை மட்டும் சொன்னீங்கன்னா 25-ஆவதும் ஜி மைனர், 40-ஆவதும் ஜி மைனர், எதைன்னு தேடுவாங்க?

வருஷத்துல ஏமாந்துடாதீங்க. ஆப்ல பெரும்பாலும் மறுவெளியீட்டு வருஷத்தைத்தான் காட்டும். பாப்லோ காசல்ஸ்ங்கற செல்லோ கலைஞர் வாசிச்ச பாக் செல்லோ சூட்டுகளை (தனி செல்லோவுக்கான இசைத் தொகுப்புகள்) எடுத்துக்கோங்க, அது 1936-லேருந்து 1939 வரைக்கும் லண்டன்லயும் பாரிஸ்லயும் ரெக்கார்ட் பண்ணது, ஆனா ஆப்ல போட்டிருக்குற வருஷத்தைப் பாத்தா ஏதோ நேத்து வந்த மாதிரி இருக்கும். அந்த வருஷத்தை நம்பி கேட்டா "ஏன் இவ்வளவு இரைச்சல்?"னு தோணும். அது 78 ஆர்பிஎம் தட்டு (நிமிஷத்துக்கு 78 சுத்து சுத்துற பழைய இசைத்தட்டு) காலம்னு தெரிஞ்சுட்டா, அந்த கரகரப்பைத் தாண்டி வில்லு கம்பியில உரசுற சத்தம் கேக்க ஆரம்பிக்கும். சிடி அட்டை கையில இருந்தா வட்டத்துக்குள்ள ஆங்கில 'பி' எழுத்து போட்டு ஒரு வருஷம் இருக்கும், அது ஒலிப்பதிவு வெளியான வருஷம். உள்ள வர்ற புக்லெட்ல ரெக்கார்ட் பண்ண இடமும் தேதியும்கூட அநேகமா இருக்கும்.

ஸ்டெப் 3: ரெண்டு தடவை கேளுங்க

முதல் தடவை எதுவும் எழுதாதீங்க, ஃபோனை கவுத்து வச்சுட்டு முழுசா கேளுங்க. ரெண்டாவது தடவை ஒரு பேப்பர் வச்சுக்கிட்டு, எங்க உங்களுக்கு ஏதோ ஆச்சோ அந்த நிமிஷத்தையும் செகண்டையும் மட்டும் குறிச்சுக்கோங்க. தியரி தெரியலைன்னு தயங்க வேண்டாம், "2:10 - இங்க பேஸ் (கீழ் சுரங்கள்) தனியா நடக்குது"ன்னு எழுதினா போதும், படிக்கிறவருக்கு அது பெரிய உதவி.

ஸ்டெப் 4: அதே படைப்பை இன்னொரு ரெக்கார்டிங்ல கேளுங்க

எனக்கு ரொம்ப பிடிச்ச வேலை இதுதான், அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன். ஆரம்பிக்க நல்ல உதாரணம் பாக்கோட கோல்ட்பர்க் வேரியேஷன்ஸ். ஒரு ஏரியா (aria, மூல மெட்டு), அப்புறம் அதை வேற வேற விதமா மாத்தின 30 வேரியேஷன், திரும்ப அதே ஏரியா. க்ளென் கூல்ட்ங்கற பியானோ கலைஞர் இதை ஸ்டுடியோவுல ரெண்டு தடவை ரெக்கார்ட் பண்ணார், 1955-ல ஒண்ணு, அப்ப அவருக்கு 22 வயசு, 1981-ல இன்னொண்ணு, அது வெளியான கொஞ்ச நாள்லயே 1982 அக்டோபர் 4-ஆம் தேதி இறந்துட்டார். முதல்ல வர்ற ஏரியாவை மட்டும் ரெண்டுலயும் அடுத்தடுத்து போட்டுப் பாருங்க. 1955-ல ரெண்டு நிமிஷத்துக்குள்ள முடிஞ்சுடும், 1981-ல மூணு நிமிஷத்தைத் தாண்டும். பழசுல மெட்டு தானா வழுக்கிக்கிட்டு போகும், புதுசுல ஒவ்வொரு சுரத்தையும் எடுத்துப் பாத்துட்டு வைக்கிற மாதிரி இருக்கும். ஹெட்ஃபோன் போட்டிருந்தா அவர் முணுமுணுத்துப் பாடுறதும் கேக்கும்.

இதை வச்சு "1981 மெதுவானது"ன்னு முடிவு கட்டிடாதீங்க. ஜி மைனர்ல வர்ற 25-ஆவது வேரியேஷனுக்குப் போங்க. 1955-ல கிட்டத்தட்ட ஆறரை நிமிஷம், 1981-ல ஆறு நிமிஷத்துக்கு கொஞ்சம் மேல. அதாவது சின்ன வயசுல வாசிச்சதுதான் இங்க மெதுவா இருக்கு! இதை நேரம் குறிச்சுக்கிட்டு கேட்டப்பதான் கண்டுபிடிச்சேன், அன்னிக்கு ராத்திரி பூரா மாத்தி மாத்தி அதையேதான் கேட்டுக்கிட்டு இருந்தேன்.

இன்னொரு எச்சரிக்கை. மொத்த நேரத்தை வச்சு வேகத்தை அளக்கக் கூடாது. இந்த படைப்புல ஒவ்வொரு பாதியையும் திரும்ப வாசிக்கணும்னு குறி இருக்கு, 1955-ல கூல்ட் அதையெல்லாம் விட்டுட்டார், அதனால 38 நிமிஷம் சொச்சத்துல முடிஞ்சுடுது. முர்ரே பெரையாங்கற இன்னொரு பியானோ கலைஞர் 2000-ல ரெக்கார்ட் பண்ணது 70 நிமிஷத்தைத் தாண்டும், காரணம் அவர் அதையெல்லாம் திரும்ப வாசிக்கிறார், மத்தபடி அது இழுவையே கிடையாது.

ஸ்டெப் 5: இப்ப எழுதுங்க

விவரம் ஒரு வரி, கேட்ட இடம் ஒண்ணோ ரெண்டோ, உங்க கருத்து ஒண்ணு. "மாஸ்டர்பீஸ்", "தெய்வீகம்" மாதிரி வார்த்தையை மட்டும் போட்டா படிக்கிறவருக்கு அதுல பிடிச்சுக்க ஒண்ணும் இருக்காது. பிடிக்கலைன்னாலும் எந்த இடம் பிடிக்கலைன்னு எழுதுங்க, பதிலுக்கு ஒருத்தர் வேற ரெக்கார்டிங் சொல்லுவார். நான் போன வாரம் அனுப்பினது இது:

"பாக், கோல்ட்பர்க் வேரியேஷன்ஸ், பி.டபிள்யூ.வி. 988. பியானோ க்ளென் கூல்ட், ரெக்கார்டிங் 1981, நியூயார்க், சிபிஎஸ். 25-ஆவது வேரியேஷன் கேட்டுட்டு நிறுத்திடாம அப்படியே 26-க்கு விடுங்க. அவ்வளவு நேரம் துக்கத்துல உக்காந்திருந்தவர் சட்டுனு எழுந்து ஓடுற மாதிரி இருக்கு. 1955-லயும் அதே இடத்தைக் கேட்டுட்டு சொல்லுங்க, எனக்கு இந்த ஒரு இடத்துல மட்டும் பழசுதான் பிடிச்சிருக்கு."

அந்த க்ளெம்பரர் ஃப்ரெண்டுக்குத்தான் அனுப்பினேன். மறுநாள் காலையில "25 முடிஞ்சு 26 ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி எவ்வளவு நேரம் சும்மா விடுறார்னு ரெண்டுலயும் பாத்தீங்களா?"ன்னு பதில் வந்துச்சு. பாக்கலை. இன்னிக்கு உக்காந்து கேக்கணும்.