தொடக்கப் பள்ளிக்குப் பயிற்சிக்கு வருகிறவர்கள் தவிர்க்க வேண்டியவை: முக்கியமாக அந்தப் பெயர்ப் பட்டியல்

இந்த வருடமும் எங்கள் பள்ளிக்குக் கற்பித்தல் பயிற்சிக்காக நான்கு பேர் வந்திருக்கிறார்கள். தொடக்கக் கல்வி பட்டயப் படிப்பில் இரண்டாம் ஆண்டு. பாடக்குறிப்பு நோட்டும் சுருட்டிய சார்ட்டுமாக முதல் நாள் பிரேயரில் வரிசையின் ஓரமாக நின்றார்கள். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் நானும் வேறொரு ஒன்றியப் பள்ளியில் இப்படித்தான் நின்றேன்.

மூன்றாம் நாள் வராண்டாவில் நடந்து போகும்போது நாலாம் வகுப்பை எட்டிப் பார்த்தேன். கரும்பலகையின் வலது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு கோடு. கோட்டுக்கு அந்தப்பக்கம் 'பேசியவர்கள்' என்று தலைப்பு. கீழே ஏழு பெயர்கள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அன்று சாயங்காலமே இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

பிரம்பைத் தொடக் கூடாது, வகுப்பில் செல்போன் பார்க்கக் கூடாது, பாடக்குறிப்பு இல்லாமல் போகக் கூடாது என்பதெல்லாம் உங்கள் பயிற்சி நிறுவனத்திலேயே சொல்லி அனுப்பியிருப்பார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பொருளைக் கையில் கொடுத்துவிட்டு விளக்கம் சொல்வது

நான் பயிற்சியில் இருந்தபோது பத்துகள், ஒன்றுகள் நடத்தப் புளியங்கொட்டை கொண்டு போனேன். கொட்டாங்குச்சியில் போட்டு எல்லோருக்கும் கொடுத்து முடித்த பிறகு, "இப்போ எல்லாரும் இங்க கவனிங்க" என்றேன். கையில் புளியங்கொட்டை வந்த குழந்தை ஏன் என்னைக் கவனிக்க வேண்டும்? பாதிப் பேர் ஒத்தையா ரெட்டையா ஆட ஆரம்பித்துவிட்டார்கள். நான் முன்வரிசையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரத்தில் பின்னால் ஒரு பையன் ஒரு கொட்டையை மூக்கில் போட்டுக்கொண்டான். நான் விரலால் எடுக்கப் போனேன். சத்துணவு ஆயா ஓடிவந்து என் கையைப் பிடித்தார். "நோண்டாதீங்க டீச்சர், உள்ள போயிரும்." ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போய் டாக்டர்தான் எடுத்தார். அந்த அரை மணி நேரம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

இப்போது நான் செய்யும் வரிசை இதுதான். முதலில் என்ன செய்யப் போகிறோம் என்று சொல்வேன். இரண்டு குழந்தைகளை முன்னால் கூப்பிட்டுச் செய்து காட்டச் சொல்வேன். மூன்றாவதாக ஒரு குழந்தையிடம், "இப்ப என்ன செய்யணும், நீ சொல்லு" என்று கேட்பேன். அது சரியாகச் சொன்ன பிறகுதான் பொருள் கைக்குப் போகும். ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்கு மூக்கிலும் காதிலும் நுழைகிற அளவில் எதையும் கொண்டு போகாதீர்கள். தீக்குச்சிக்குப் பதிலாக விளக்குமாற்றுக் குச்சி, கொட்டைக்குப் பதிலாகப் பெரிய பாட்டில் மூடி.

"புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது டீச்சர்" என்று கோரஸாகத்தான் பதில் வரும். அதை நம்பி அடுத்த கணக்குக்குப் போகாதீர்கள். குழந்தைகள் அட்டைகளை வைத்துத் தாங்களே செய்து கற்கும் செயல்வழிக் கற்றல் முறை 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007 வாக்கில் மாநிலம் முழுக்கப் பரவியபோது, சுவரைச் சுற்றிக் குழந்தைகளின் உயரத்துக்குக் கீழ்மட்டக் கரும்பலகை அடித்தார்கள். பல பள்ளிகளில் அது இன்னமும் இருக்கிறது, பயன்படுத்துவோர் குறைவு. ஆளுக்கு ஒரு கட்டம் கொடுத்து ஒரே ஒரு கணக்கைப் போடச் சொல்லுங்கள். அறை நடுவில் நின்று ஒரு சுற்றுத் திரும்பினால் யாருக்குக் கடன் வாங்கிக் கழிக்க வரவில்லை என்று உடனே தெரிந்துவிடும்.

பேசியவர்கள்

இந்தப் பழக்கத்துக்குள் உட்கார்ந்து வளர்ந்தவர்கள்தான் நாம் எல்லோரும். டீச்சர் வெளியே போவார். லீடர் சாக்பீஸோடு எழுந்து நிற்பார். பேசினால் பெயர். பெயர் வந்த பிறகும் பேசினால் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. அதனால் பயிற்சிக்கு வந்து, வகுப்பு முதன்முதலில் கையை மீறும்போது, நம் கை தானாக அதைத்தான் தேடுகிறது.

தொடக்கப் பள்ளியில் இன்னொரு நெருக்கடியும் உண்டு. 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்குப்படி 60 குழந்தைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். வகுப்போ ஐந்து. அதனால் ஒரே அறையில் இரண்டு வகுப்பு, மூன்று வகுப்பு சேர்ந்து உட்கார்ந்திருக்கும். மூன்றாம் வகுப்புக்கு நடத்தும்போது நாலாம் வகுப்பைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் தேவைப்படுகிறது. அந்த ஆளாக ஒன்பது வயதுக் குழந்தையைப் போட்டுவிடுகிறோம்.

பயிற்சியில் எனக்கும் அப்படி மூன்றும் நாலும் சேர்ந்த அறைதான். கையெழுத்து அழகாக இருக்கிற, கணக்கில் கெட்டியான ஒரு பெண்ணை லீடராக்கினேன். ஒரு நாள் எங்கள் விரிவுரையாளர் வகுப்பைப் பார்வையிட வந்திருந்தார். சார்ட் எச்.எம். அறையில் கிடந்தது. எடுத்து வரப் போனேன், தேடிக் கண்டுபிடிக்கப் பத்து நிமிடம் ஆகிவிட்டது. திரும்பி வந்தபோது அறையில் ஒரு சத்தமில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. பலகையில் பதினொரு பெயர். ஒரு பெயருக்கு நேராக மட்டும் ஏழு பெருக்கல் குறி. பதினொரு பேரையும் எழுப்பி நிற்க வைத்தேன். ஏழு குறி வாங்கிய பையனை மணி அடிக்கும்வரை கதவோரமாக நிற்க வைத்தேன். அன்றைய பார்வைக் குறிப்பில் 'வகுப்பு மேலாண்மை நன்று' என்று எழுதிக் கொடுத்தார்கள்.

அந்த ஒரு வரியை நம்பி இரண்டு வாரம் அதையே செய்தேன்.

பிறகு ஒரு நாள் நாலாம் வகுப்பின் கணக்கு நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு நோட்டில் பக்கம் முழுக்க எண்கள் கோட்டை விட்டு இறங்கிக் கிடந்தன. சமக்குறி சில இடத்தில் இரண்டு கோடு, சில இடத்தில் மூன்று. பக்கத்தின் வலது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு கோடு போட்டு, அதற்கு அந்தப்பக்கம், எழுத்தை எழுத்தாகத் தெரியாமல் படமாக வரைந்து, 'பேசியவர்கள்' என்று இருந்தது. கீழே பெயர்கள். பெருக்கல் குறிகளும் அப்படியே, எண்ணிப் பார்த்தேன், ஏழு. அந்தக் குழந்தைக்கு வாசிக்க வராது. பலகையில் இருப்பதெல்லாம் பாடம் என்று நினைத்து, நான் எழுதிய கணக்கையும் அந்தப் பட்டியலையும் சேர்த்து வரைந்து வைத்திருந்தான்.

அவன் பக்கத்தில் உட்கார்கிறவன் யார் என்று பார்த்தேன். ஏழு குறி வாங்கிய பையன். மெதுவாக விசாரித்தபோது தெரிந்தது. கணக்கை அவன் காதோரமாக வாசித்துச் சொல்வான், வாசிக்க வராத இவன் போடுவான். இரண்டு பேரும் ஒரே தெரு, ஒன்றாம் வகுப்பிலிருந்தே இப்படித்தான். லீடர் கண்ணுக்கு அது பேச்சு. எனக்கு அது எதுவென்றே தெரியாது, நான் அந்த இடத்திலேயே இல்லை. பட்டியலுக்குப் பயந்து அவன் வாசித்துச் சொல்வதை நிறுத்திவிட்டான். இவனுக்குப் பாடம் வந்துகொண்டிருந்த ஒரே வழியை நான் அடைத்துவிட்டேன்.

அதோடு முடியவில்லை. அதே வாரம் லீடர் பெண்ணின் பென்சில் டப்பா கீழே விழுந்து திறந்துகொண்டது. உள்ளே ஆறு ரப்பர். ஒன்றில் கடித்த பல் தடம், ஒன்றில் இன்னொரு குழந்தையின் முதலெழுத்து பேனாவால் எழுதியிருந்தது. பெயரை அழிக்க ஒரு ரப்பர் என்று ஒரு கணக்கு அவர்களுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த நாள் அந்தப் பெண்ணின் அம்மா வேலைக்குப் போகிற வழியில் வாசலில் நின்று கேட்டார்: "டீச்சர், அவளை லீடர்ல இருந்து எடுத்துடுங்க. மத்தியானம் யாரும் அவகூட உக்காந்து சாப்பிட மாட்டேங்கறாங்களாம்." அவள் என்ன தப்பு செய்தாள்? என் வேலையை அவள் தலையில் ஏற்றினேன், என் அதிகாரத்தையும் சேர்த்துக் கொடுத்தேன், அதற்கான வெறுப்பை மட்டும் அவள் வாங்கிக்கொண்டாள்.

கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, உடல் தண்டனையோடு மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. பிரம்பை எடுக்காததால் நாம் அந்தப் பிரிவைத் தொடவில்லை என்று நினைக்கிறோம். எல்லோரும் பார்க்கும்படி ஒரு குழந்தையின் பெயரை எழுதி, நாள் முழுக்க அழிக்காமல் வைத்து, அதன் கீழேயே பாடம் நடத்துவதற்கு வேறு என்ன பெயர்?

இந்த வாரம் பயிற்சிக்கு வந்த பெண்ணிடம் இதைச் சொன்னபோது, "ஆனா டீச்சர், கிளாஸ் அமைதியா இருந்துச்சே" என்றாள். இருக்கும். அந்த அமைதியில் யாருக்குப் பாடம் புரியவில்லை என்ற தகவலும் அடங்கிப் போகும். குழந்தைகள் பேசுகிறார்கள் என்றால் நான் முதலில் பார்ப்பது மூன்று விஷயம். கொடுத்த வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டார்களா? என்ன செய்ய வேண்டும் என்பதே தெரியவில்லையா? வேலையே கொடுக்காமல் நான் வேறு பக்கம் திரும்பிவிட்டேனா? பெரும்பாலும் மூன்றாவதுதான்.

என்ன செய்யலாம் என்றால், ஒரு வகுப்பை விட்டு இன்னொரு வகுப்பின் பக்கம் திரும்பும் முன், இவர்களுக்கு ஜோடியாகச் செய்கிற வேலை ஒன்றைக் கொடுத்துவிடுங்கள். பேசினால்தான் முடியும் என்கிற மாதிரி வேலை: ஒருவர் கணக்கைச் சொல்ல, மற்றவர் போட வேண்டும், பிறகு மாறிக்கொள்ள வேண்டும். "பேசலாம், பக்கத்துல இருக்கறவங்களுக்கு மட்டும் கேக்கற மாதிரி" என்று சொன்னால் எட்டு வயதுக் குழந்தைக்கு நன்றாகவே புரியும். அறையை விட்டுப் போக வேண்டியிருந்தால் பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். லீடர் என்று ஒரே ஆளை வைக்காமல் வேலைகளைப் பிரியுங்கள். நோட்டு அடுக்க ஒருவர், சாக்பீஸ் டப்பாவுக்கு ஒருவர், தண்ணீர்க் குடத்துக்கு மூடி போட ஒருவர், வாரா வாரம் ஆள் மாறட்டும். ஒருவர் இன்னொருவரைக் கண்காணிக்கும் வேலை மட்டும் அந்தப் பட்டியலில் இருக்கக் கூடாது.

என் வகுப்புப் பலகையின் வலது ஓரத்தில் இன்றைக்கும் ஒரு கோடு உண்டு. அதற்கு அந்தப்பக்கம் குழந்தைகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும்போது என் காதில் விழுகிற கேள்விகளை எழுதி வைப்பேன். போன வாரம் இருந்தது: பல்லிக்கு வால் விழுந்தா திரும்ப முளைக்குமா?

கத்துவது

உங்கள் குரல் ஏற ஏற அவர்கள் குரலும் ஏறும். நான் மூன்று தடவை கை தட்டுவேன், அவர்கள் இரண்டு தடவை தட்டுவார்கள், அதற்குப் பிறகு அசையாமல் ஒரே இடத்தில் நின்று பேசுவேன். பழக ஒரு வாரம் ஆகும்.

"இரு, பெரிய டீச்சர்கிட்ட சொல்றேன்"

ஒரு தடவை சொன்னால் போதும், அந்த வகுப்பு அதற்குப் பிறகு பெரிய டீச்சருக்கு மட்டும்தான் அடங்கும்.

"ஒன்னுக்கு, டீச்சர்"

விடுங்கள்.

'அரும்பு எல்லாம் இந்தப் பக்கம் வாங்க'

அடிப்படை எழுத்தும் கணக்கும் கற்பிக்கிற எண்ணும் எழுத்தும் திட்டத்தில், குழந்தைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிப்பது எந்த நிலையிலிருந்து சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று நமக்குத் தெரிவதற்காக. குழந்தையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்.

பசியை ஒழுங்கீனம் என்று எழுதுவது

என் பயிற்சிப் பதிவேட்டில் 'தினமும் 11 மணிக்கு வகுப்பு கலைகிறது' என்று எழுதியிருந்தேன். அதைப் படித்த வழிகாட்டி ஆசிரியர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "காலைல என்ன சாப்பிட்டாங்கன்னு கேட்டீங்களா?" மறுநாள் கேட்டேன். வரக்காப்பி என்றார்கள், பன் என்றார்கள், சிலர் ஒன்றும் சொல்லவில்லை. மத்தியானச் சத்துணவுதான் அவர்களுக்கு முதல் சாப்பாடு.

காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. அதன் பிறகு அந்த 11 மணி எங்கள் பள்ளியில் எவ்வளவோ மாறியிருக்கிறது. ஆனாலும் தாமதமாக வருகிற குழந்தை, தட்டெல்லாம் கழுவி வைத்த பிறகு வந்து, வெட்கப்பட்டுக்கொண்டு நேராக வகுப்பில் உட்கார்ந்துவிடும். எரிச்சலோடு பக்கத்துப் பையனைக் கிள்ளுகிற குழந்தையிடம் முதலில் சாப்பாட்டைப் பற்றிக் கேளுங்கள். சமையல் அறையில் கொஞ்சம் கிச்சடி மிச்சம் இருக்கும்.

சொல்லாமல் கிளம்புவது

பயிற்சி ஒரு வெள்ளிக்கிழமை முடியும். கையெழுத்து வாங்க வேண்டிய பதிவேடுகள் மேஜை நிறையக் கிடக்கும், அந்த அவசரத்தில் குழந்தைகளிடம் சொல்ல மறந்துவிடுவீர்கள். திங்கள்கிழமை அவர்கள் செம்பருத்திப் பூவோடு வாசலில் நிற்பார்கள். நான் நான்கு வருடமாக அந்தத் திங்கள்கிழமைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். புதன்கிழமையே சொல்லிவிடுங்கள். இன்னும் இரண்டு நாள்தான் இருப்பேன், என் படிப்பு முடிக்கப் போகிறேன் என்று. திங்கள்கிழமை அந்த அறைக்கு எந்த டீச்சர் வருவார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.