சுவர் எழுத்தை நிழலோடு ஃபான்ட் ஆக்குவது எப்படி?

பட்டை பிரஷ்ஷால் எழுதிய சுவர் விளம்பரங்கள் மேல் எனக்கு ரொம்ப நாள் மயக்கம். தடித்த கோடு, வெட்டினாற்போல முடியும் முனை, ஓரத்தில் வேறு நிறத்தில் நிழல். அதையே தலைப்புக்கான ஃபான்ட்டாகச் செய்து பார்த்தேன். தேவை இரண்டு மென்பொருள்: வரைகோட்டைச் சீராக்க இங்க்ஸ்கேப், அதை ஃபான்ட்டாக்க ஃபான்ட்ஃபோர்ஜ். இரண்டும் இலவசம். ஃபான்ட்ஃபோர்ஜின் தோற்றம் பழசுதான். இந்த வேலைக்கு அதுவே போதும்.

1. காகிதத்தில் வரையுங்கள். 'அ'வில் தொடங்க வேண்டாம். முதலில் ப, ட, ழ, ண. ப, ட இரண்டிலும் பிரஷ் தானாக உட்காரும். ண-வில்தான் தடிமன் சுழிகளை அடைத்துவிடும். அங்கே கோட்டைக் கொஞ்சம் மெலித்து எழுத்தை அகலமாக்குங்கள். அந்த நான்கும் ஒரே கையில் எழுதியதுபோல் வந்தால் மற்றவை வந்துவிடும்.

2. ஸ்கேன் செய்து, இங்க்ஸ்கேப்பில் 'ட்ரேஸ் பிட்மேப்' கட்டளை கொடுங்கள், படம் கோட்டுருவமாக மாறும். தேவையில்லாத புள்ளிகளை நீக்கி எஸ்விஜியாக (கோட்டுருவக் கோப்பு வகை) சேமியுங்கள்.

3. ஃபான்ட்ஃபோர்ஜில் அந்தந்த யூனிகோட் கட்டத்தில் இறக்குங்கள். யூனிகோட் என்பது ஒவ்வொரு எழுத்துக்கும் கணினி வைத்திருக்கும் எண். க-வுக்கு 0பி95 (0B95). கொ, கோ தனியாக வரைய வேண்டாம். கொம்பும் காலும் இருந்தால் போதும். ஆனால் உகர, ஊகார எழுத்துகள் 36-ஐயும் தனித்தனியாகத்தான் வரைய வேண்டும். கு, மு, ரு வளைந்து சுற்றும். பு, சு, வு கீழே இறங்கும். ணு, து, நு வலப்பக்கம் கால் நீட்டும். ஒவ்வொன்றுக்கும் 'க-வும் உகரக் குறியும் சேர்ந்தால் கு' என்று ஒரு லிகேச்சர் (கூட்டெழுத்து) விதி எழுத வேண்டும். விதியில் எழுத்துமுறை தமிழ் என்று இருக்கிறதா, பார்த்துக்கொள்ளுங்கள்.

4. நிழல். இங்கேதான் நான் ஒரு வாரம் மாட்டிக்கொண்டேன். எழுத்தையும் நிழலையும் ஒரே வடிவமாக வரைந்திருந்தேன். 'கொடி' என்று அடித்தால் கொம்பின் நிழல் க-வின் வயிற்றில் போய் ஒட்டியது. அப்புறம்தான் உறைத்தது: சுவரில் எழுதுபவர் முழுச் சொல்லையும் எழுதிவிட்டுத்தான் நிழல் போடுகிறார். ஃபான்ட்டோ ஒவ்வொரு எழுத்தாக வைக்கிறது. அதனால் இரண்டு கோப்பு செய்யுங்கள்: ஒன்றில் எழுத்து, இன்னொன்றில் நிழல் மட்டும். போஸ்டரில் நிழல் அடுக்கு கீழே, எழுத்து மேலே. இரண்டிலும் ஒவ்வொரு எழுத்தின் அகலமும் அச்சு அசலாக ஒன்றாக இருக்க வேண்டும். லிகேச்சர் விதிகளை நிழல் கோப்பிலும் எழுத மறக்காதீர்கள், நான் மறந்தேன். இரண்டு நிறமும் கிடைத்துவிடும், அது உபரி லாபம்.

பழைய சுவரின் வாடை வேண்டுமா? 1978 சீர்திருத்தத்துக்கு முந்தைய, யானைத் துதிக்கை போட்ட லை, ளை, ணை, னை வடிவங்களை மாற்று வடிவமாகச் சேருங்கள். முதன்மை வடிவமாக வைக்காதீர்கள், இளையவர்கள் திணறுவார்கள்.

பின்சேர்க்கை: 'கௌரி' என்று அடித்தால் வெற்றுக் கட்டம் வருவதாக ஒரு நண்பர் சொன்னார். என் தவறுதான். ஔகாரக் குறியைத் திரையில் காட்டும்போது அது கொம்பாகவும் ள போன்ற நீட்சியாகவும் பிரிகிறது. அந்த நீட்சிக்கு 0பிடி7 (0BD7) என்று தனிக் கட்டம் உண்டு. நான் அதைக் காலியாக விட்டிருந்தேன். அங்கே ள வடிவத்தை வைத்ததும், இரண்டு கோப்பிலும், கௌரி சரியாக வந்துவிட்டாள்.