சிறுகோள் கண்டுபிடிச்சு பேர் வைக்கிறது எப்படி?

பெரிய டெலஸ்கோப் வேணுமேன்னு பயப்படாதீங்க, ஐஏஎஸ்சி (சர்வதேச வானியல் தேடல் கூட்டமைப்பு) நடத்துற சிறுகோள் தேடல்ல டீமா சேர்ந்தா ஹவாய்ல இருக்கிற பான்ஸ்டார்ஸ் டெலஸ்கோப் எடுத்த படங்களையே ஃப்ரீயா தருவாங்க. அதை அஸ்ட்ரோமெட்ரிகா சாஃப்ட்வேர்ல போட்டு மாத்தி மாத்தி ஓடவிடுங்க, நட்சத்திரம் எல்லாம் அப்படியே நிக்கும், ஒரு புள்ளி மட்டும் நேர்கோட்டுல நகரும், அதான் நம்ம ஆளு (பாதி நேரம் கேமரா நாய்ஸா இருக்கும், ஏமாந்துடாதீங்க). அளந்த ரிப்போர்ட், உலகம் முழுக்க இருந்து சிறுகோள் தகவல்களைச் சேகரிக்கிற மைனர் பிளானட் சென்டருக்குப் போகும். புதுசுதான்னு இன்னொரு ராத்திரியும் பார்த்து உறுதியானா, வருஷமும் எழுத்தும் சேர்ந்த தற்காலிகப் பேர் கிடைக்கும்.

இனிமேதான் பொறுமை வேணும். மெயின் பெல்ட்ல (செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவுல இருக்கிற சிறுகோள் கூட்டம்) இருக்கிறதுன்னா பொதுவா நாலு தடவையாவது அது நம்ம வானத்துல சூரியனுக்கு நேரெதிர்ப் பக்கம் வரும்போது பார்த்து ஆர்பிட்ட துல்லியமாக்கணும், வருஷக்கணக்கா ஆகும், அப்புறம்தான் நிரந்தர நம்பர். நம்பர் வந்ததுலேர்ந்து 10 வருஷத்துக்கு பேர் சொல்ற உரிமை கண்டுபிடிச்சவங்களுக்கு. ஆங்கிலத்துல 16 எழுத்துக்குள்ள, முடிஞ்சா ஒரே வார்த்தை, வாயிலயும் நுழையணும். அரசியல், ராணுவத்தால பேர் வாங்கினவங்கன்னா இறந்து 100 வருஷம் ஆகியிருக்கணும். வீட்டு நாய், பூனை பேரெல்லாம் வேணாம்பாங்க. முடிவு சர்வதேச வானியல் ஒன்றியத்தோட குழு கையில, காசு குடுத்தா வச்சுத் தரோம்னு எவனாவது வந்தா நம்பாதீங்க.