காரைக்காலிலிருந்து பிரான்சுக்கு: கிறிஸ்துமஸ் விருந்துக்கு எந்த ஒயின் வாங்குவது?

காரைக்கால், நாகூர், திருநள்ளாறு பக்கமிருந்து பிரான்சுக்கு வந்தவர்களை டிசம்பர் 24 இரவு யாராவது விருந்துக்குக் கூப்பிடுவார்கள். வெறுங்கையோடு போகக்கூடாது என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். எதை வாங்குவது என்பதில்தான் திணறல்.

ஊர்க் கடைகளில் ஒயின் என்றாலே பலருக்கும் நினைவுக்கு வருவது தித்திப்பான போர்ட் வகைதான். இங்கே சாப்பாட்டோடு குடிப்பதில் பெரும்பாலும் இனிப்பே இருக்காது. தெரியாமல் வாங்கினால் முதல் மிடறிலேயே முகம் சுளிக்கும்.

பணத்தை ஷாம்பெயினில் கொட்ட வேண்டாம். அடிமட்ட விலை ஷாம்பெயினை விட 7 முதல் 10 யூரோவுக்குள் கிடைக்கும் க்ரெமான் என்ற நுரைக்கும் ஒயின் எவ்வளவோ மேல். அதற்கும் பாட்டிலுக்குள்ளேயே இரண்டாவது முறை நொதிக்க வைத்துத்தான் நுரை வரவழைக்கிறார்கள். அல்சாஸ், லுவார், லிமூ எல்லாம் நல்ல க்ரெமான் வரும் பகுதிகள். லேபிளில் 'ப்ரூட்' என்றால் லிட்டருக்கு 12 கிராமுக்குக் குறைவான சர்க்கரை. விருந்தின் தொடக்கத்துக்குச் சரி. அதையே கடைசியில் கேக்கோடு ஊற்றினால் வெறும் புளிப்பாகத் தெரியும். கேக்குக்கு 32 முதல் 50 கிராம் வரை சர்க்கரை உள்ள 'தெமி-செக்' எடுங்கள். 'செக்' என்றால் இனிப்பில்லாதது என்றாலும், நுரைக்கும் ஒயினில் அந்தப் பெயர் போட்டதே ஓரளவு இனிக்கும். ஏமாந்துவிட வேண்டாம்.

சமைக்காத சிப்பி வைப்பார்கள் என்று தெரிந்தால் இனிப்பில்லாத வெள்ளை ஒயினான மியூஸ்கதே. வான்கோழிக்கு இலேசான சிவப்பு ஒயினான பொழோலே-வில்லாஜ் போதும்.

நம் வீட்டிலேயே விருந்து என்றால் கணக்கு மாறும். இறால் தொக்கும் நண்டு மசாலாவும் இருக்கும் இடத்தில் விலை உயர்ந்த போர்தோ சிவப்பு வீண். அதன் துவர்ப்பும் சாராயச் சூடும் மிளகாய்க் காரத்தை ஏற்றிவிடும். சிவப்பு ஒயினில் உள்ள இரும்பு, மீன் வகைகளோடு சேர்ந்தால் வாயில் கவிச்சி நிற்கும். இலேசாக இனிக்கும் அல்சாஸ் வெள்ளை ஒயினான கெவுர்ஸ்த்ரமினர் வாங்குங்கள். காரம் அடங்கும், இஞ்சிபூண்டு வாசனைக்கும் ஈடு கொடுக்கும்.

ஒரு பாட்டில் 75 சென்டிலிட்டர், ஆறு கிளாஸ் வரும். நுரைக்கும் ஒயினை ஃப்ரிட்ஜில் மூன்று நான்கு மணி நேரம் வையுங்கள். அவசரமென்றால் பாதி ஐஸ், பாதி தண்ணீர் உள்ள வாளியில் அரை மணி நேரம். வெறும் ஐஸ் பாட்டிலோடு ஒட்டாது, குளிர நேரமாகும். ஃப்ரீசரில் மறந்துவிட்டால் பாட்டில் வெடிக்கலாம். திறக்கும்போது கட்டைவிரல் தக்கை மேலேயே இருக்கட்டும். கம்பியை ஆறு அரைச்சுற்று தளர்த்தி, பாட்டிலைச் சாய்த்துப் பிடித்து, தக்கையை அசைக்காமல் பாட்டிலை மட்டும் திருப்புங்கள். கிளாஸில் சோப்போ எண்ணெயோ ஒட்டியிருந்தால் நுரை நிற்காது, நன்றாக அலசுங்கள்.

நீங்கள் கொண்டுபோன பாட்டிலை அன்றைக்கே திறக்காமல் எடுத்து வைத்தால் மனத்தாங்கல் வேண்டாம். அவர்கள் சாப்பாட்டுக்கு ஏற்றதை முன்பே எடுத்து வைத்திருப்பார்கள்.

கார் ஓட்டுபவர்களுக்கு ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் ஆல்கஹாலை எட்டினாலே குற்றம். புது உரிமத்தின் தகுதிகாண் காலத்தில் 0.2 தான், ஒரு கிளாஸே போதும், மாட்டிக்கொள்ள. குடிக்காதவர்கள் நுரைக்கும் திராட்சைச் சாறோ ஒரு பெட்டி சாக்லேட்டோ கொண்டுபோகலாம். யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.