ஆக்சுவேரியல் தேர்வுத் தேதி மாறினால்: படிப்புத் திட்டத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆக்சுவரி, அதாவது காப்பீடு போன்றவற்றின் நிதி ஆபத்தைக் கணக்கிடும் நிபுணர் ஆவதற்கான தேர்வின் தேதி மாறிவிட்டது என்று தெரிந்ததும் பெரும்பாலானவர்கள் செய்வது, பழைய அட்டவணையைத் திறந்து அதிலுள்ள தேதிகளை மட்டும் முன்னே பின்னே நகர்த்துவது. மாறியது தேதி மட்டும்தானா என்பதை முதலில் பாருங்கள். 2022-இல் இந்தத் தேர்வுகளை நடத்தும் அமெரிக்க அமைப்பான எஸ்ஓஏ (சொசைட்டி ஆஃப் ஆக்சுவரீஸ்) அவற்றை மாற்றியமைத்தபோது, 35 கேள்வி, 3 மணி நேரம் என்றிருந்த எஃப்எம் (நிதிக் கணிதம்) தேர்வு 30 கேள்வி, இரண்டரை மணி நேரம் என்றானது, வட்டி விகித ஸ்வாப் (நிலையான வட்டியையும் மாறும் வட்டியையும் பரிமாறிக்கொள்ளும் ஒப்பந்தம்) பாடமே பாடத்திட்டத்திலிருந்து போய்விட்டது. நீண்டகால, குறுகியகாலக் காப்பீட்டுக் கணிதத்துக்கான எல்டிஏஎம், எஸ்டிஏஎம் தேர்வுகள் நின்று, இரண்டின் அடிப்படைகளையும் சேர்த்த எஃப்ஏஎம் வந்ததும் அந்த ஆண்டில்தான். இப்படி மாறும் சமயத்தில் சீனியரிடம் வாங்கிய நோட்ஸை நம்பி உட்கார்ந்தால், கேட்கவே போகாத பாடத்துக்கு ஒரு வாரம் போய்விடும். நீங்கள் எழுதப்போகும் சிட்டிங்குக்கு (தேர்வுச் சுற்றுக்கு) உரிய பாடத்திட்டத்தை எஸ்ஓஏ தளத்திலிருந்து இறக்கி, அதை வைத்துத்தான் திட்டமே போட வேண்டும்.

அடுத்தது, எல்லோரும் சறுக்குகிற இடம். தேர்வின் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் நூறு மணி நேரப் படிப்பு என்று இந்தத் துறையில் ஒரு வாய்க்கணக்கு உண்டு. அப்படிப் பார்த்தால் 3 மணி நேர பி (நிகழ்தகவு) தேர்வுக்கு 300 மணி நேரம். அதில் 180 மணி நேரம் மிச்சம், வாரம் 12 மணி நேரம் வீதம் 15 வாரம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தேர்வு 5 வாரம் முன்னால் வந்துவிட்டால், மிச்சமிருக்கும் 10 வாரத்துக்கும் வாரம் 18 மணி நேரம் என்று எழுதிவிடுவது சுலபம். வேலைக்குப் போய்க்கொண்டு 12 மணி நேரமே இழுத்துப்பிடித்துப் படித்தவருக்கு அந்தக் கூடுதல் 6 மணி நேரம் எங்கிருந்து வரும்? இரண்டாவது வாரமே திட்டம் பின்தங்கும், கடைசியில் எதை வெட்டுவார்கள் என்றால் கணக்குப் போட்டுப் பார்க்கும் வாரங்களைத்தான், ஏனென்றால் அவை அட்டவணையின் வாலில் இருக்கின்றன. அதைத் தொடவே கூடாது என்பேன். உண்மையில் கையில் இருப்பது 120 மணி நேரம் என்றால், தேர்வு நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி, முதலில் மாதிரித் தேர்வுகளுக்கும் எஸ்ஓஏ இலவசமாகத் தரும் மாதிரிக் கேள்விகளுக்கும் 70 மணி நேரத்தையாவது ஒதுக்குங்கள். வாசிப்பைச் சுருக்கிக்கொள்ளலாம். பி தேர்வில் ஒரு கேள்விக்குச் சராசரி 6 நிமிடம், எஃப்எம்-இல் 5. அந்த வேகம் புத்தகம் படித்து வராது. மிச்ச 50 மணி நேரத்தில் பாடம் முடியவே முடியாது என்று தெரிந்தால் அடுத்த சிட்டிங்குக்குப் போவதைப் பற்றி இப்போதே யோசியுங்கள், கடைசி வாரத்தில் அல்ல.

தள்ளிப்போனால் நிம்மதி என்று நினைப்பதும் தவறுதான். 2020-இல் கொரோனாவால் தேர்வு மையங்கள் மூடப்பட்டுப் பல சிட்டிங்குகள் ரத்தானபோது, தயாராக இருந்தவர்கள் புத்தகத்தை மூடிவிட்டால் என்ன ஆகும் என்பது புரிந்த விஷயம். சூத்திரங்கள்கூட மனதில் நிற்கும், முதலில் போவது கைப்பழக்கம். எஃப்எம்-இல், ஒவ்வொரு காலத்தின் தொடக்கத்திலும் பணம் வரும் அன்யூட்டிக்காக (சீரான இடைவெளியில் வரும் தொகைகளின் தொடருக்காக) பிஏ டூ பிளஸ் என்ற நிதிக் கால்குலேட்டரை பிஜிஎன் (தொடக்கம்) நிலைக்கு மாற்றுவீர்கள், அடுத்த கணக்குக்குத் திருப்ப மறப்பீர்கள், விடை சரியாக (1+i) மடங்கு (i என்பது வட்டி விகிதம்) தவறாக வரும், அந்தத் தவறான எண் விடைத் தெரிவுகளில் ஒன்றாகவே உட்கார்ந்திருக்கலாம். பிஜிஎன் என்று காட்டும் திரையின் மூலையைப் பார்க்கும் பழக்கம் தினமும் கணக்குப் போட்டால்தான் இருக்கும். அதனால் கிடைத்த கூடுதல் வாரங்களில் புதுப் புத்தகம் எதையும் தொடங்காமல், பாதி நேரம் படித்தாலும் சரி, வாரத்துக்கு ஒரு கலப்புக் கேள்வித்தாளையாவது நேரம் வைத்துப் போடுங்கள்.

அலுவலகக் காலண்டரையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். புதுத் தேதி காலாண்டு இறுதி வால்யுவேஷன் (நிறுவனத்தின் காப்பீட்டுப் பொறுப்புகளை மதிப்பிடும்) வேலையோடு மோதினால், அந்த வாரங்களில் படிப்பு பூஜ்யம் என்றே எழுதுங்கள், ஸ்டடி லீவையும் புதுத் தேதிக்கு மறுபடி கேட்டு வாங்குங்கள்.

அப்புறம், எஸ்ஓஏ-வில் பதிவு செய்துவிட்டாலே இடம் கிடைத்துவிட்டது என்று அர்த்தமில்லை. கணினித் தேர்வு மையங்களை நடத்தும் பிராமெட்ரிக் நிறுவனத்தின் மையத்தில் நாளையும் நேரத்தையும் தனியாகப் பதிய வேண்டும். கணினித் தேர்வு பல நாள்கள் நடக்கும் என்பதால், தாமதித்தால் உங்களுக்கு வசதியான நாளும் பக்கத்து மையமும் போய்விடும். அட்டவணையைத் திருத்தும் அதே நாளில் இதையும் செய்துவிடுங்கள், ஏனென்றால் எந்த நாள் கிடைக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் பின்னோக்கி எண்ணும் கணக்கே தொடங்குகிறது.