சுகிஜி மீன் சந்தை: அதிகாலை நான்கு மணிக்கு டாக்சி பிடிக்காதீர்கள்

போன மாதம் ஒரு நாள் விடியற்காலை 4:10-க்கு போன் அடித்தது. நண்பனின் தங்கை. கணவரோடு டோக்கியோவைச் சுற்றிப் பார்க்க வந்திருந்தாள். "அண்ணா, தூங்கிட்டிருந்தீங்களா? சுகிஜி வாசல்ல நிக்கிறோம். மீன் ஏலம் பாக்கணும்னு வந்தோம். இங்க ஈ காக்கா இல்லையே!"

சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. 2019-இல் அதே வாசலில் நானும் இதே கேள்வியோடு நின்றவன்தான். அதற்கப்புறம் எத்தனையோ விருந்தாளிகளை அந்தச் சந்தைக்கு அழைத்துப் போயிருக்கிறேன். கூட்டத்தில் பிள்ளையின் கையை விடாதீர்கள், சில்லறை வைத்துக்கொள்ளுங்கள் என்றெல்லாம் எழுதப்போவதில்லை. அது உங்களுக்கே தெரியும். நானும் அவர்களும் அங்கே செய்த, நீங்கள் செய்யக் கூடாத தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

ஏலத்தைத் தேடி சுகிஜிக்குப் போவது

சுகிஜி என்ற பெயரில் இரண்டு சந்தைகள் இருந்தன. 1923 நிலநடுக்கத்தில் நிஹோன்பாஷியின் பழைய மீன் சந்தை அழிந்த பிறகு இடம் மாறி, 1935-இல் முறையாகத் திறந்த மொத்த விற்பனைச் சந்தை ஒன்று. இதை உள்சந்தை என்பார்கள். சூரை மீன்களின் பெரிய அண்ணனான டூனாவை வரிசையாகப் படுக்க வைத்து ஏலம் விட்டது இங்கேதான். அதைச் சுற்றி வளர்ந்த சில்லறைக் கடைகளும் சாப்பாட்டுக் கடைகளும் நிறைந்த சந்துகள் இன்னொன்று, வெளிச்சந்தை.

உள்சந்தையின் கடைசி நாள் 2018 அக்டோபர் 6. அதே மாதம் 11-ஆம் தேதி டொயோசுவில் புதிய சந்தை திறந்தது. ஏலமும் மொத்த வியாபாரிகளும் அங்கே போய்விட்டார்கள். பழைய கட்டடங்களை இடித்தாயிற்று. சுகிஜியில் மிச்சமிருப்பது வெளிச்சந்தை மட்டும்.

இது ரகசியமொன்றும் இல்லை. ஆனாலும் பழைய பயணக் குறிப்புகள் சாக மாட்டேன் என்கின்றன. "ஒரு நாளைக்கு 120 பேருக்குத்தான் அனுமதி, முந்தி வந்தவருக்கு முதலிடம், ராத்திரி 3 மணிக்கே போய் வரிசையில் நில்." இந்த வரிகளை யாரோ ஒருவர் பழைய சந்தை இருந்த காலத்தில் எழுதினார். அவர் எழுதியபோது அது சரிதான். அப்புறம் அதை இன்னொருவர் தேதியை நீக்கிவிட்டுப் பகிர்ந்தார், அவரிடமிருந்து இன்னொருவர். அந்தத் தேதி இல்லாத காகிதத்தை நம்பித்தான் நானும் கிளம்பினேன்.

ஊரிலிருந்து மச்சான் வந்திருந்தான். என் வீடு டோக்கியோவின் நிஷிகசாயில். அந்த நேரத்தில் ரயில் கிடையாது. டாக்சிக்கு இரவு 10 முதல் காலை 5 வரை இருபது சதவீதம் கூடுதல். 4000 யென்னுக்கு மேல் கொடுத்து இறங்கினால் நீளமான வெள்ளை வேலி, ஒரு காவலாளி. நான் காகிதத்தைக் காட்டினேன். அவர் இரண்டு கைகளையும் பெருக்கல் குறி போல மார்புக்கு முன்னால் வைத்துக் காட்டினார். இந்த ஊரில் 'இல்லை' என்பதற்கு அதுதான் அடையாளம். அப்புறம் விரலை நீட்டி, "டொயோசு" என்றார். மச்சான் என்னைப் பார்த்து, "மாமா, மீனுக்கு நம்மள விட நல்லா வழி தெரிஞ்சிருக்கு" என்றான். இரண்டாவது டாக்சி.

டொயோசுவிலாவது ஆசை தீர்ந்ததா என்றால், பாதிதான். ஏலத்தளத்துக்குப் பக்கத்தில் நின்று, மணி அடிப்பதும் ஏலக்காரர் ராகம் போட்டுக் கத்துவதும் காதில் விழப் பார்க்க வேண்டுமானால் முந்தைய மாதமே விண்ணப்பிக்க வேண்டும், குலுக்கலில் பெயர் விழ வேண்டும். விண்ணப்பிக்காதவர்களுக்கு மேல்மாடிக் கண்ணாடி நடைபாதை. இலவசம்தான். கீழே பச்சைத் தரையில் வால் வெட்டப்பட்ட மீன்கள். வாங்குகிறவர்கள் அந்த வெட்டுவாயில் டார்ச் அடித்துக் கொழுப்பைப் பார்க்கிறார்கள். சதையின் சிவப்பு எடுப்பாகத் தெரியத்தான் தரைக்குப் பச்சை. எல்லாம் தெரியும், ஆனால் ஊமைப் படம் மாதிரி. 2019 புத்தாண்டின் முதல் ஏலத்தில் 278 கிலோ டூனா ஒன்று 33 கோடி யென்னைத் தாண்டி விலைபோனது இந்தத் தளத்தில்தான். அதைச் சொல்லி மச்சானைச் சமாதானப்படுத்தினேன்.

ஆகவே ஏலம் பார்க்க ஆசை என்றால் டொயோசு. ஏலம் காலை 5:30-ஐ ஒட்டித் தொடங்கி ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். முந்தைய இரவு டொயோசு ரயில் நிலையம் பக்கம் அறை எடுத்தால் இருபது நிமிடத்தில் நடந்தே போய்விடலாம், டாக்சிக்கு அழ வேண்டாம். சாப்பிடவும் சுற்றவும் ஆசை என்றால் சுகிஜி. இரண்டுக்கும் இடையே இரண்டு கிலோமீட்டர் சொச்சம். ஒரே காலையில் இரண்டும் முடியும், ஆனால் ஏலம் முதலில், சாப்பாடு அப்புறம்.

நண்பனின் தங்கையிடமும் இதையே சொன்னேன். "நேத்தே கேட்டிருக்கலாமே தாயி" என்று ஒரு வரி கூடுதலாக.

புதன்கிழமையை மறப்பது

வெளிச்சந்தையில் பெரும்பாலான கடைகள் மொத்தச் சந்தையின் நாள்காட்டியைத்தான் பின்பற்றுகின்றன. ஞாயிறு விடுமுறை, அரசு விடுமுறை நாள்கள் விடுமுறை. இவற்றோடு பல புதன்கிழமைகளும் விடுமுறை, ஆனால் எல்லாப் புதனும் இல்லை. இதுதான் ஆளைக் கவிழ்க்கும். டோக்கியோ மத்திய மொத்தச் சந்தை ஆண்டு முழுவதற்கும் நாள்காட்டி வெளியிடுகிறது. விமான டிக்கெட் போட்ட கையோடு அதையும் பாருங்கள். ஞாயிறன்று சில கடைகள் திறந்திருக்கும். ஊர்க்கூட்டம் மொத்தமும் அந்தச் சில கடைகளின் வாசலில் நிற்கும்.

டிசம்பர் கடைசி வாரம் வேறு கதை. புத்தாண்டுச் சமையலுக்கு வாங்க டோக்கியோக்காரர்கள் திரண்டு வருவார்கள். உங்களுக்கு நிற்க இடம் கிடைக்காது. அவர்களுக்கும் நீங்கள் இடைஞ்சல்.

மதியச் சாப்பாட்டுக்கு வருவது

ஒரு மணி, இரண்டு மணிக்கெல்லாம் ஷட்டர் இறங்கத் தொடங்கிவிடும். அதற்காக ஆறு மணிக்கே போய் நிற்காதீர்கள். அது உணவகச் சமையல்காரர்கள் கூடையோடு கொள்முதல் செய்யும் நேரம். அவர்களுக்குக் கடைக்காரரின் முகம் வேண்டும், நமக்குப் புகைப்படம் வேண்டும், இரண்டும் ஒத்துப்போவதில்லை. ஒன்பது மணிக்குப் போனால் சரி.

'சைவம்' என்று சொல்லிவிட்டு நிம்மதியாக இருப்பது

முட்டை சாப்பிடுவார், மீன் தொடமாட்டார், அப்படி ஒரு அலுவலக நண்பர். குச்சியில் செருகிய தமாகோயாகியைப் பார்த்ததும், முட்டைதானே என்று இரண்டு வாங்கிச் சாப்பிட்டார். இனிப்பாக இருக்கிறது, ஏதோ ஒரு வாசம் தூக்குகிறது என்று பாராட்டினார். அந்த வாசம் தாஷி. காய்ந்து இறுகிய கட்சுவோபுஷியைச் சீவி ஊறவைத்து எடுக்கும் சாறு. கட்சுவோ என்பது நம் சூரை மீன், அதாவது இது மாசிக் கருவாட்டின் நெருங்கிய சொந்தம். நான் வாய் திறப்பதற்குள் இரண்டாவது குச்சியும் காலி. விஷயத்தைச் சொன்ன பிறகு அவர் பேசவில்லை. பக்கத்திலிருக்கும் சுகிஜி ஹொங்கான்ஜிக்கு அழைத்துப்போய் உட்கார வைத்தேன். 1934-இல் கட்டி முடித்த அந்தப் புத்தர் கோயிலின் முகப்பில் இந்தியச் சாயல் அப்படியே இருக்கும். அதைப் பார்த்துத்தான் கொஞ்சம் தெளிந்தார்.

குழம்பு, சூப், ஊறுகாய், வேகவைத்த காய், எதில் வேண்டுமானாலும் தாஷி இருக்கலாம். "இறைச்சி இல்லை" என்று கடைக்காரர் சொல்வது பொய்யில்லை, மீனை அவர் இறைச்சியில் சேர்ப்பதில்லை, அவ்வளவுதான். "தாஷி இருக்கிறதா?" என்று அந்தச் சொல்லை வைத்தே கேளுங்கள். கொம்பு என்னும் கடற்பாசியில் எடுத்த தாஷி என்றால் பயமில்லை. முழு ஸ்ட்ராபெரியை உள்ளே வைத்த மோச்சி என்னும் அரிசிக் கொழுக்கட்டை, பச்சைத் தேநீர், வறுத்த கஷ்கொட்டை, இவற்றோடு ஒரு காலையை ஓட்டிவிடலாம்.

நடந்துகொண்டே தின்பது

வாங்கிய கடை முன்னாலேயே நின்று சாப்பிட்டுவிட்டு, குச்சியை அங்கேயே கொடுங்கள்.

பேரம்

வேண்டாம்.

பெட்டியோடு வருவது

இரண்டு பேர் தோள் உரசாமல் போக முடியாத சந்து அது. சக்கரப் பெட்டியை ரயில் நிலைய லாக்கரில் போட்டுவிட்டு வாருங்கள்.

கத்தி வாங்கிக் கைப்பையில் வைப்பது

சுகிஜியில் நல்ல கத்திக் கடைகள் உண்டு, பிடித்துப் பார்த்தால் வாங்காமல் வர மனம் வராது. மச்சானும் வாங்கினான். அழகான பெட்டி, கசங்கிவிடுமே என்று கைப்பையிலேயே வைத்துக்கொண்டான். விமான நிலையச் சோதனையில் எடுத்துவிட்டார்கள். அந்தக் காலையில் நாங்கள் கொடுத்த இரண்டு டாக்சி வாடகையைவிட அதற்கு விலை அதிகம்.